வெள்ளரி ஜாடியில் ஒரு கல்

என் மாமனார் கல்மான் செத்து நாலு வருஷமாகிறது. செத்தவரைப் பற்றிக் குறை சொல்லக்கூடாது என்பார்கள். அப்படிப் பார்த்தால் அவரைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேச முடியாது. அதனால் சொல்லிவிடுகிறேன், கேட்கிறவர்கள் கேளுங்கள்.

அவர் ஹங்கேரிக்காரர். ஐம்பத்தாறில் அங்கே தெருவுக்குள் டாங்கிகள் வந்தபோது ஓடிவந்தவர்களில் ஒருவர். ஓடிவரும்போது மனுஷர்கள் நகையை எடுப்பார்கள், பத்திரத்தை எடுப்பார்கள். இவர் ஒரு இரும்புக் குண்டானையும் அதைத் தொங்கவிடும் முக்காலியையும் எடுத்து வந்தார். கூடவே மனைவி பிரோஷ்காவும், கைக்குழந்தையாக என் புருஷன் தெஷோவும். ஆஸ்திரேலியாவில் கப்பல் இறங்கியதும் ஆட்டுப் பண்ணைகளுக்குள் காட்டுநாய் வராமல் பாலைவனத்தில் போட்டிருக்கும் நீள வேலியில் வேலை கிடைத்தது. மனுஷன் கண்ணுக்கே படாத வெளியில் இரண்டு வருஷம், வேலியோடு வேலியாகப் போய், அறுந்த கம்பியை முறுக்கிக் கட்டும் வேலை. அதற்கப்புறம் எங்கள் ஊருக்கு வந்து எல்லோரையும்போல ஓபல் என்கிற ரத்தினக் கல்லைத் தோண்ட ஆரம்பித்தார். எழுபத்தொன்றில் சுரங்கக் கூரை சரிந்து வலது முட்டி நொறுங்கியது. அன்றிலிருந்து நூறு அடி நடந்தால் பத்து நிமிஷம் உட்கார வேண்டும். கால் போனதற்கும் சேர்த்து வாய் வளர்ந்தது.

மாமியாரோடு நான் ஒரு நாள்கூடக் குடித்தனம் செய்ததில்லை. எழுபத்தைந்தில் பல் வலி என்று அடிலெய்டுக்கு பஸ் ஏறினார். பல் சரியாகிவிட்டது என்று கடிதம் வந்தது, ஆள் வரவில்லை. அதிலிருந்து அடிலெய்டு என்ற பெயரை யார் சொன்னாலும் மாமனார் தரையில் துப்புவார். எங்கள் வீடு ஊரில் எல்லோர் வீட்டையும்போலப் பாறைக்குள் குடைந்த வீடு. துப்பினால் கூட்டித் துடைப்பது நான்தான்.

நான் வெஸ்னா. இரண்டு தெரு தள்ளி இருந்த யூகோஸ்லாவியாக்காரர் வீட்டுப் பெண். கல்யாணத்தன்றே மாமனார் விருந்தாளிகள் முன்னால் என் சமையலைப் பற்றியும் என் இனத்தைப் பற்றியும் ஒரு பிரசங்கம் செய்தார். நானும் சும்மா இருக்கவில்லை. அன்று ஆரம்பித்தது எங்கள் சண்டை.

இப்போது அந்தக் கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எழுபத்து மூன்றில் அவருக்கு ஒரு ஓபல் கிடைத்தது. கோழி முட்டையில் பாதி இருக்கும். அதை உப்பில் ஊறிய வெள்ளரிக்காய் வரும் கண்ணாடி ஜாடியில், தண்ணீருக்குள் போட்டு வைத்திருந்தார். ஜாடியை லேசாகத் திருப்பினால் சிவப்பும் பச்சையும் உள்ளே ஓடும். நானே வாயைப் பிளந்து பார்த்திருக்கிறேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஓபலைத் தண்ணீருக்குள் வைத்துப் பார்த்து மதிக்கிறவன் எங்கள் ஊரில் ஏமாளி. ஈரத்தில் எல்லாக் கல்லும் அழகுதான். வெளியே எடுத்துக் காயவிட்டால் சில கல் மேலெல்லாம் நூல் நூலாக விரிசல் விட்டு, ஒன்றுக்கும் ஆகாமல் போய்விடும். அதனால் தோண்டியவர்கள் கல்லை மாதக்கணக்கில் காயப்போட்டு, தாங்குகிறதா என்று பார்த்த பிறகுதான் விலை பேசுவார்கள். மாமனார் மட்டும் எடுக்கவே மாட்டார். நல்ல கல் பத்துப் பதினைந்து வருஷம் தண்ணீரில் கிடந்தால்தான் இறுகும் என்று அவராக ஒரு சாஸ்திரம் வைத்திருந்தார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஆள், யார் போய் வாதாடுவது?

அந்த ஜாடிதான் அவர் கையிலிருந்த சாட்டை. நான் சாகும்போது எவன் பக்கத்தில் இருக்கிறானோ அவனுக்குக் கல், ஊரை விட்டுப் போகிறவனுக்கு மண்ணுகூடக் கிடையாது, கல்லைப் பாழ் சுரங்கத்துக்குள் எறிந்துவிடுவேன் என்று மாதம் ஒரு தடவையாவது சொல்லுவார். என் புருஷன் தெஷோ நல்லவன். நல்லவன் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். பதினாறு வயதில் அந்தக் கல்லைத் தண்ணீருக்குள் பார்த்தவன், அதற்கப்புறம் வேறெதையும் சரியாகப் பார்க்கவில்லை.

எங்கள் மகள் இல்காவுக்கு இளைப்பு நோய், அதுதான் ஆஸ்துமா. மூன்று வயதில் ஆரம்பித்தது. எங்கள் ஊர்க் காற்றில் பாதி சுரங்க மண். ஐந்து வயதானபோது டாக்டர் ஒளிக்காமல் சொன்னார், இந்தத் தூசியிலிருந்து குழந்தையைக் கொண்டுபோய்விடுங்கள், இன்னொரு கோடை தாங்குவது கஷ்டம் என்று. நான் தெரிந்தவர்களுக்கெல்லாம் எழுதிப் போட்டேன். அடிலெய்டில் ஒரு வண்டிப் பட்டறையில் தெஷோவுக்கு வேலை கிடைத்தது. எண்பத்து நாலு, ஜனவரி மாதம். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். தெஷோ கடிதத்தைப் படித்தான், மடித்தான், அப்பாவைத் தனியாக விட்டு எப்படி என்றான். அப்பாவையா, ஜாடியையா என்று கேட்டேன். கடிதத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டான்.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நடந்ததைத்தான் சொல்ல வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் குடும்பத்தோடு வெளியே போயாக வேண்டும். அது மாமனார் சட்டம். உப்பு ஏரிக்குப் போவோம், மொட்டை மேடுகளுக்குப் போவோம், வேலியோரம் போவோம். எங்கே என்று அவர்தான் முடிவு செய்வார், வண்டியில் ஏறிய பிறகுதான் சொல்லுவார். அங்கே போய் இரும்புக் குண்டானை முக்காலியில் தொங்கவிட்டு, மாட்டுக்கறியும் வெங்காயமும் ஒரு பிடி சிவப்பு மிளகாய்த் தூளும் போட்டுத் தானே சமைப்பார். சமையல் நன்றாக இருக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். ஜாடியும் கூட வரும். வீட்டில் விட்டால் எவனாவது திருடிவிடுவான் என்று ஈரத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொள்வார். இல்காவை ஒரு நாள்கூட அவர் மடியில் வைத்து நான் பார்த்ததில்லை.

அன்றைக்குக் காலை எட்டு மணிக்கே தகரம் தொட்டால் சுட்டது. குழந்தைக்கு ஆகாது, வேண்டாம் என்றேன். வெயிலுக்குப் பயப்படுகிறவர்கள் அடிலெய்டில் இருக்கட்டும் என்று சொல்லித் துப்பினார். தெஷோ வண்டியை எடுத்துவிட்டான்.

எங்கள் ஊரில் போகிற இடத்தை யாரிடமும் சொல்ல மாட்டார்கள். சொன்னால் புதிதாக ஏதோ கல் அகப்பட்டிருக்கிறது என்று நாலு வண்டி பின்னால் வரும். மாமனார் இதில் ஒரு படி மேலே. பக்கத்து வீட்டுக்காரன் பார்க்க வடக்கு ரோட்டில் புறப்படச் சொல்லி, ஊர் மறைந்ததும் சுற்றி மேற்கே திருப்பச் சொல்லுவார். ஞாயிற்றுக்கிழமை மாட்டுக்கறி தின்னப் போவதற்கு இந்தத் தந்திரம்! அன்றைக்கும் அப்படித்தான். யாராவது எங்களைத் தேடியிருந்தால் வடக்கே போய்த் தேடியிருப்பார்கள்.

வேலி ஓரம் இறங்கிச் சமைத்துச் சாப்பிட்டோம். குடிக்கக் கொண்டுபோன தண்ணீரில் பாதியைக் குழம்புக்கே ஊற்றிவிட்டார். வேலியோரமாகவே திரும்பும் வழியில், நண்பகலுக்கு, வண்டி புகை கக்கி நின்றது. தெஷோ மூடியைத் திறந்து, இருபது லிட்டர் தண்ணீர் கேனை அப்படியே ரேடியேட்டரில் கவிழ்த்தான். அடியில் ரப்பர்க் குழாய் கிழிந்திருந்ததைக் குனிந்து பார்க்கவில்லை. இந்தப் பக்கம் ஊற்றியது அந்தப் பக்கம் மண்ணில் இறங்கிக்கொண்டிருந்தது. கேன் காலியான பிறகுதான் என் காலடியில் சேற்றைப் பார்த்தேன்.

"பெத்ததுதான் பெத்தேன், கண்ணு வச்சுப் பெத்திருக்கக் கூடாதா" என்றார் மாமனார்.

மிச்சமிருந்த தண்ணீர் இரண்டு டம்ளர். அதை இல்காவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து இரண்டு மணிவரை தள்ளினோம். வண்டி நிழலில் நாலு பேரும் ஒட்டி உட்கார்ந்திருந்தோம். மாமனார் மட்டும் அலட்டிக்கொள்ளவே இல்லை. பக்கத்திலேயே தண்ணீர் இருக்கிறது, வேலிக்காரர்கள் தொட்டி, எனக்கு மட்டும்தான் இடம் தெரியும், பொழுது சாயட்டும், சொல்கிறேன் என்றார். இப்போதே சொல்லுங்கள் என்று தெஷோ கேட்டான். இந்த வெயிலில் நடந்து செத்தால் என்னைத்தான் குறை சொல்வாள் உன் பெண்டாட்டி என்றார். நாங்கள் கெஞ்ச வேண்டும், அவ்வளவுதான். கெஞ்சக் கெஞ்ச அந்த மனுஷனுக்கு வயிறு நிறையும்.

இல்கா வாந்தி எடுத்தாள். மூச்சு விசில் அடிக்க ஆரம்பித்தது. தண்ணி, தண்ணி என்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நான் மாமனார் மடியைப் பார்த்தேன். ஜாடியில் அரை லிட்டராவது இருக்கும். சனிக்கிழமைதோறும் மாற்றுகிற சுத்தமான தண்ணீர்.

கேட்கவில்லை. கேட்டால் பேச்சு வளரும். எழுந்து போய்ப் பிடுங்கினேன். அவர் இரண்டு கையாலும் இழுத்தார், நான் அவர் விரலைப் பிரித்து எடுத்தேன். கல்லை அவர் காலடியில் தட்டிவிட்டு, ஜாடியை என் மகள் வாயில் வைத்தேன்.

அதற்குள் அவர் என்ன செய்தார் தெரியுமா? மண்ணில் கிடந்த கல்லை எடுத்து வாயில் போட்டு அடக்கிக்கொண்டார். எங்கள் ஊரில் கல்லை நக்கிப் பார்ப்பது எல்லோருக்கும் வழக்கம்தான், எச்சில் பட்டால் நிறம் தெரியும். ஆனால் இப்படிக் கன்னம் உப்ப அடக்கிக்கொண்டு உட்கார்ந்த ஆளை நான் பார்த்ததில்லை. எனக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்.

ஏழு வருஷமாக அந்த வாயை மூட நான் படாத பாடு பட்டிருக்கிறேன். மூடக்கூடாத நேரத்தில் மூடிக்கொண்டது. தொட்டி எங்கே என்று தெஷோ கேட்டான். கல்லுளிமங்கன்போல உட்கார்ந்திருந்தார். காலில் விழாத குறையாகக் கேட்ட பிறகு, கையை நீட்டி வேலியைக் காட்டினார், அப்புறம் காற்றில் ஏதோ வளைத்தார், தரையைத் தட்டினார். அந்த வெளியில் எல்லாப் பக்கமும் ஒன்றுதான். மண்ணில் வரைந்து காட்டுங்கள் என்று நான் கத்தினேன். என் பேச்சுக்குத் திரும்பக்கூட இல்லை.

தெஷோ தனக்குப் புரிந்த திசையில் போனான். ஒரு மணி நேரம் கழித்து உதடு வெடித்து, வெறுங்கையோடு தள்ளாடி வந்து வண்டிக்கு அடியில் படுத்துவிட்டான்.

அப்போதுதான் இல்கா பதில் சொல்வதை நிறுத்தினாள். கூப்பிட்டேன், கன்னத்தைத் தட்டினேன், கண்ணைத் திறந்தாள், என்னைப் பார்க்கவில்லை. தோல் காய்ந்து கொதித்தது. நான் அழக்கூட இல்லை. மாமனாரிடம் போய், அவர் சட்டையைப் பிடித்து, குழந்தை இருக்கும் பக்கம் திருப்பினேன்.

"பாருங்க. நல்லாப் பாருங்க. அந்தக் கல்லையே அடக்கிக்கிட்டு இருங்க, இவளைப் பொதைச்சுட்டு வீட்டுக்குப் போலாம்."

பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்தார் என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு கையைக் குவித்துக் கல்லைத் துப்பினார்.

"டேய் தெஷோ, எழுந்திரு. வேலியைப் பிடிச்சுத் தெக்கால போ. மரக் கேட்டு ஒண்ணு வரும். அதைத் தாண்டாதே. அங்கிருந்து இடது கைப் பக்கம், வேலிக்கு முதுகைக் காட்டி முந்நூறு அடி. தொட்டி தரைக்குள்ள இருக்கு. மூடி மேல மண்ணு கிடக்கும், கண்ணுக்குத் தெரியாது. கால்ல தட்டிக்கிட்டே போ, தகரச் சத்தம் கேக்கும். மூடியை ஒத்தையாத் தூக்க முடியாது, முக்காலிக் கம்பியைக் கொண்டு போய் நெம்பு."

தெஷோ கேனையும் கம்பியையும் எடுத்துக்கொண்டு ஓடினான். கிழவர் கல்லைத் திரும்ப வாயில் போட்டுக்கொண்டார். போட்ட வேகத்திலேயே எடுத்துவிட்டார். வாயில் எச்சில் இல்லை. நாக்கு வெளுத்துக் காய்ந்திருந்தது.

கல்லைக் கைக்குட்டை மேல், தன் நொண்டி முட்டியில் வைத்தார். நான் என் பாவாடையை அவிழ்த்து, அதைக்கொண்டு இல்காவுக்கு விசிறிக்கொண்டிருந்தேன். மாமனார் முன்னால் உள்பாவாடையோடு நிற்கிறோமே என்றெல்லாம் தோன்றவில்லை. ஒரு கண் குழந்தை மேல், ஒரு கண் அந்த முட்டி மேல். முதலில் கல்லின் பளபளப்பு போனது. அப்புறம் ஓரத்தில் முடிமாதிரி ஒரு கோடு. அதன் பக்கத்தில் இன்னொன்று. சிறிது நேரத்தில் கல் முழுக்கச் சிலந்தி வலை விழுந்தாற்போல ஆகிவிட்டது, சிவப்பும் பச்சையும் அதற்குள் செத்துவிட்டன. அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் ஆச்சரியமே இல்லை.

"உங்களுக்கு முன்னாடியே தெரியும்" என்றேன்.

"இதோட அதே குழியில இன்னும் மூணு வந்துச்சு. மூணும் ஒரே வாரத்துல வெடிச்சுச்சு. இதை மட்டும் எடுக்கல."

"பதினோரு வருஷமா."

"தெரிஞ்சா அவன் போயிருப்பான். அவன் அம்மா போன மாதிரி."

எனக்கு அந்தக் கல்லாலேயே அவர் மண்டையை உடைக்கத் தோன்றியது. இரண்டு வருஷமாக ராத்திரி ராத்திரியாக என் மகள் மூச்சுக்குத் திணறியது இந்தச் சரளைக்காகவா? எல்லாம் கேட்டேன், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். குழந்தை திணறும்போதுகூட உண்மையைச் சொல்ல வாய் வரவில்லையே என்று கேட்டேன்.

"இப்பச் சொன்னேன்ல" என்றார். தொட்டிக்கு வழி சொன்னதைச் சொன்னார்.

தெஷோ வருவது தெரிந்தது. கேன் கனத்தில் ஒரு பக்கம் சாய்ந்து வந்தான். கிழவர் அவசரமாக என் பக்கம் குனிந்தார். அவர் கை என் மணிக்கட்டைப் பிடித்தது, அதுவரை என்னைத் தொட்டதே இல்லை.

"கல்லை நீதான் வெளிய எடுத்தே. நீதான் கெடுத்தே. அவன்கிட்ட அப்படித்தான் சொல்லப் போறேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் தெஷோ வந்துவிட்டான். தண்ணீரை இல்காவின் தலையில் ஊற்றினோம், மார்பில் ஊற்றினோம், துணியை நனைத்து வாயில் பிழிந்தோம். அரை மணி நேரம் கழித்து அவள் இருமி, அம்மா, குளிருது என்றாள். அந்த வெயிலில் குளிருது என்றாள். அதைக் கேட்டுத்தான் எனக்கு அழுகை வந்தது.

அதற்கப்புறம்தான் தெஷோ கைக்குட்டையைப் பார்த்தான். எடுத்து வெளிச்சத்தில் திருப்பினான். அப்பாவைப் பார்த்தான்.

"உன் பெண்டாட்டி வேலை. நல்ல கல்லு. இன்னும் நாலு வருஷம் தண்ணியில கிடந்திருந்தா இறுகியிருக்கும்" என்றார் கிழவர், என் முகத்தைப் பார்க்காமல்.

தெஷோ என்னைப் பார்த்தான். ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாக்கு நுனியில் நின்றது. நான் எதற்கும் பதில் சொல்லாமல் விட்டவள் இல்லை, அது ஊருக்கே தெரியும். ஆனால் அந்தக் கிழவர் கல்லைத் துப்பி வழி சொன்னதால்தான் என் மகள் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். ஆமாம், நான்தான் எடுத்தேன் என்றேன்.

கிழிந்த குழாயை என் பாவாடைத் துணியால் இறுக்கிக் கட்டி, தொட்டித் தண்ணீரை ஊற்றி ஊற்றி, இருட்டுவதற்குள் ஊர் வந்து சேர்ந்தோம். செவ்வாய்க்கிழமை தெஷோ பட்டறைக்குத் தந்தி கொடுத்தான். காத்திருக்க ஊரில் இனி ஒன்றுமில்லையே. மாதக் கடைசியில் கிளம்பினோம். மாமனார் வாசலுக்கு வரவில்லை. சொல்லிக்கொள்ள உள்ளே போனேன். அலமாரி முன்னால் நின்று ஜாடியில் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தார். உள்ளே அந்த வெடித்த கல். தண்ணீருக்குள் விரிசல் அவ்வளவாகத் தெரியாது. உடைந்ததற்கு எதற்கு மாமா தண்ணீர் என்றேன். நாலு பேர் வந்தால் மருமகள் உடைத்ததைக் காட்ட வேண்டாமா என்றார். நான் போய் வண்டியில் ஏறிக்கொண்டேன்.

இல்காவுக்கு இளைப்பு முழுக்க விடவில்லை, ஆனால் ஓடுகிறாள், நீந்துகிறாள். தெஷோ அப்பாவைப் பார்க்க வருஷத்துக்கு ஒரு தடவை போவான், நான் போக மாட்டேன். எங்களுக்குள் சண்டை வந்தால் இன்றைக்கும் அவன் கடைசியில் அங்கேதான் போய் நிற்பான்: அன்றைக்கு நீ அந்தக் கல்லை எடுக்காமல் இருந்திருந்தால் நாம் எங்கேயோ இருந்திருப்போம் என்பான். நான் எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவுவேன்.

சாவதற்கு இரண்டு வாரம் முன்பு கிழவர் ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தார். நான்தான் எடுத்தேன். தெஷோ வேலைக்குப் போயிருக்கிறான், கூப்பிடச் சொல்லட்டுமா என்றேன். வேண்டாம், உன்கிட்டதான் என்றார். அந்தப் பக்கம் மூச்சு இழுத்து இழுத்து வந்தது. அது இல்காவின் பழைய மூச்சு மாதிரியே இருந்தது.

"கல்லு விஷயத்தை அவன்கிட்டச் சொல்லிட்டியா?"

"இல்ல மாமா."

"நல்லது. வாயாடிக்கு அது ஒண்ணாவது முடிஞ்சுதே" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.